பெரிய சாரின் கவனத்தைப் பெறுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரகடம் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். டிரெய்னியாகச் சேர்ந்தவன், இன்று என்னிடமே பன்னிரண்டு பேர் ரிப்போர்ட் செய்கிறார்கள். புதிதாக வரும் பிள்ளைகள் டீ டைமில் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்: "ஜி.எம். சாரைப் பார்க்கவே முடியலை சார், மெயில் போட்டாலும் பதில் இல்லை, என்ன பண்றது?" அவர்களுக்குச் சொன்னதை எல்லாம் இங்கே கேள்வி பதிலாக எழுதி வைக்கிறேன். ஐ.டி., வங்கி, ஆஸ்பத்திரி நிர்வாகம் என்று எங்கே இருப்பவருக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

மெயில் போட்டு ஒரு வாரம் ஆகிவிட்டது. பதிலே இல்லை. என்னை மதிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். முதலில் அவருடைய நாள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். ஹென்றி மின்ட்ஸ்பெர்க் என்ற கனடா நாட்டு மேலாண்மை ஆய்வாளர் ஐந்து தலைமை நிர்வாகிகளுக்குப் பக்கத்திலேயே இருந்து, அவர்கள் செய்வதை ஒவ்வொன்றாகக் குறித்து 1973-இல் வெளியிட்டார். அவர்கள் கையில் எடுத்த வேலைகளில் பாதி ஒன்பது நிமிஷத்துக்குள் முடிந்துபோயின. ஒரு மணி நேரத்தைத் தாண்டியவை பத்தில் ஒன்றுதான். அப்போது மெயிலும் கிடையாது, செல்போனும் கிடையாது. 2018-இல் ஹார்வர்டின் மைக்கேல் போர்ட்டரும் நிதின் நோரியாவும் 27 தலைமை நிர்வாகிகளின் நேரத்தை, ஒவ்வொருவருக்கும் 13 வாரம், கணக்கெடுத்துச் சொன்னார்கள். வாரத்துக்குச் சராசரி 62.5 மணி நேர வேலை. அதில் 72 சதவீதம் மீட்டிங்கில் போய்விடுகிறது.

நம் ஜி.எம்.களும் பிளான்ட் ஹெட்களும் அப்படித்தான். காலையில் புரொடக்ஷன் மீட்டிங், அப்புறம் கஸ்டமர் கால், நடுவில் யூனியன் ஆட்கள், மத்தியானம் ஆடிட். உங்கள் மெயிலை அவர் படிப்பது ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு நடக்கும்போது, போன் திரையில். அங்கே தெரிவது சப்ஜெக்டும் முதல் இரண்டு வரியும். அந்த இரண்டு வரியில் "டியர் சார், வித் ரெஃபரன்ஸ் டு தி அபவ் சப்ஜெக்ட்" என்று இருந்தால், விஷயம் ஆரம்பிப்பதற்குள் அவர் அடுத்த மீட்டிங்குக்குள் போய்விடுவார். "சாயங்காலம் பார்க்கலாம்" என்று நினைத்திருப்பார். சாயங்காலத்துக்குள் அதன் மேல் இன்னும் நூறு மெயில் விழுந்திருக்கும்.

அப்படியென்றால் மெயிலை எப்படி எழுத வேண்டும்?

என் அனுபவத்தையே சொல்கிறேன். எங்கள் பெயிண்ட் ஷாப்புக்கு வரும் கம்ப்ரஸ்ட் ஏரில் மழைக்காலத்தில் தண்ணீர் கலந்து வரும். பழைய ஏர் டிரையரால் ஈரத்தை முழுதாக எடுக்க முடியவில்லை. தண்ணீர் பெயிண்டோடு சேர்ந்து அடித்தால் மேற்பரப்பில் ஊசிமுனை மாதிரிக் குழி விழும். அந்தப் பாகத்தைத் தேய்த்து மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டும். புது டிரையர் கேட்டு ஒரு நவம்பரில் பிளான்ட் ஹெட்டுக்கு மெயில் போட்டேன்.

சப்ஜெக்ட்: "பெயிண்ட் ஷாப் காற்றுத் தரம் தொடர்பாக". உள்ளே கம்ப்ரஸர் எந்த வருஷம் வாங்கியது, வடகிழக்குப் பருவமழையில் ஈரப்பதம் எப்படி ஏறுகிறது என்று மூன்று பத்தி, நான்கு இணைப்பு. கடைசி வரி, நம் எல்லா அலுவலகங்களிலும் ஓடுகிற "கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்". அடுத்த ஆகஸ்ட் வரை பதில் வரவில்லை.

ஆகஸ்டில் மறுபடி எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன்.

சப்ஜெக்ட்: "உங்கள் ஒப்புதல் வேண்டும், வெள்ளிக்குள்: பெயிண்ட் ஷாப் ஏர் டிரையர், 4.2 லட்சம்"

"சார், பெயிண்ட் ஷாப் காற்றில் தண்ணீர் வருகிறது. டிரையரை மாற்ற 4.2 லட்சத்துக்கு ஒப்புதல் வேண்டும்.

போன மழையில் ரீவொர்க் செலவு மாதம் சுமார் 90,000 ரூபாய். இரண்டு மழைக்காலத்துக்குள் போட்ட பணம் திரும்பிவிடும்.

வெள்ளிக்குள் ஆர்டர் போட்டால் அக்டோபருக்கு முன் பொருத்திவிடலாம். தள்ளினால் இந்த மழையும் ரீவொர்க்கிலேயே போகும்.

மூன்று கொட்டேஷன் இணைப்பில். 'சரி' என்று ஒரு வார்த்தை போதும், மீதியை பர்ச்சேஸோடு நான் பார்த்துக்கொள்கிறேன்."

மறுநாள் காலை ஒப்புதல் வந்தது. இரண்டு மெயிலுக்கும் விஷயம் ஒன்று, ஆள் ஒன்று. முதல் மெயிலில் நான் அவரிடம் என்ன கேட்கிறேன் என்பதை அவரே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. "நீட்ஃபுல்" எது என்று கண்டுபிடிக்கும் வேலையை, ஊரிலேயே நேரம் குறைவாக இருக்கும் மனிதர் தலையில் கட்டியிருந்தேன். இரண்டாவதில் அவர் செய்ய மிச்சம் இருந்தது ஒரே ஒரு முடிவு. இந்தப் பக்கத்தில் நான் சொல்ல நினைப்பதே இதுதான்: அவரிடம் போவதற்கு முன், அவர் என்ன முடிவெடுக்க வேண்டும் என்பதை ஒரே வாக்கியமாக நீங்கள் எழுதிவிட வேண்டும். அந்த வாக்கியம் உங்களுக்கே வரவில்லையென்றால் இன்னும் அவரிடம் போகும் நேரம் வரவில்லை.

இது புது யுக்தியும் இல்லை. 1940 ஆகஸ்ட் 9 அன்று, போர் உச்சத்தில் இருந்தபோது, சர்ச்சில் தன் அதிகாரிகளுக்கு ஒரே ஒரு பக்கக் குறிப்பு அனுப்பினார். அறிக்கைகளில் முக்கிய விஷயம் சின்னச் சின்னப் பத்திகளாக இருக்கட்டும், புள்ளிவிவரமும் நீண்ட அலசலும் பின்னிணைப்பில் போகட்டும் என்பதுதான் அதன் சாரம். அமெரிக்க ராணுவத்திலும் முடிவை முதல் வரியில் எழுதப் பழக்குகிறார்கள். டொயோட்டாவில் ஒரு பிரச்சினையை, காரணம், தீர்வு, திட்டம் எல்லாம் சேர்த்து, ஒரே ஏ3 தாளில் அடக்க வேண்டும். 297-க்கு 420 மில்லிமீட்டர், அவ்வளவுதான் இடம். எங்கள் ஏரியாவில் ஜப்பான் கம்பெனிகளுக்கு சப்ளை செய்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அந்த ஒரு தாளில் எதை விடுவது என்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொள்ளும்போதுதான் பிரச்சினை நமக்கே முழுதாகப் புரிகிறது.

யார் யாரை சிசி போடலாம்?

முடிவெடுக்க வேண்டியவர் ஒருவர் மட்டும் மேலே. வேலை பாதிக்கப்படுகிறவர்கள் சிசியில். பதினைந்து பேருக்குப் போகும் மெயிலை யாரும் தனக்கு வந்ததாக நினைப்பதில்லை. அவருடைய பாஸை சிசியில் சேர்த்து மிரட்டிப் பார்க்காதீர்கள். அந்த ஒரு தடவை பதில் வரலாம். அடுத்த இரண்டு வருஷத்துக்கு உங்கள் பெயரைப் பார்த்தாலே அவர் முகம் மாறும்.

வழியில் எதிரே வந்துவிட்டார். இரண்டு நிமிஷம் இருக்கிறது. என்ன பேசுவது?

பேசுவதை விடக் காட்டுவது நல்லது. அந்த ஆகஸ்ட் மெயிலுக்கு முதல் நாள் நடந்ததைச் சொல்கிறேன். பிளான்ட் ஹெட் ரவுண்ட்ஸ் வந்தார். பெயிண்ட் ஷாப் வாசலில் "சார், ஒரு நிமிஷம், ஒன்றைக் காட்ட வேண்டும்" என்றேன். நின்றார். ஆபரேட்டர் அண்ணனிடம் ஏர் கன்னை வாங்கி, துவைத்து மடித்து வைத்திருந்த ஒரு வெள்ளைத் துணியை அதன் வாய்க்கு நேரே பிடித்து அழுத்தினேன். பத்து எண்ணுவதற்குள் துணி நடுவில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஈரம் படர்ந்தது, ஓரத்தில் லேசாக எண்ணெய் மஞ்சள். துணியை அவர் கையில் கொடுத்தேன். கட்டை விரலால் ஒரு தடவை தேய்த்துப் பார்த்தார். "இதுதான் பெயிண்ட் மேலே போகுதா?" என்றார். "ஆமாம் சார்." "என்ன வேணும்னு மெயில் போடு."

மொத்தம் ஒன்றரை நிமிஷம் இருக்கும். நான்கு இணைப்பும் வரைபடமும் ஒன்பது மாதத்தில் செய்யாததை அந்தத் துணி செய்தது. உங்கள் வேலையிலும் அப்படி ஒரு துணி இருக்கும். பத்து தடவை சுற்றிச் சுற்றி நிற்கும் லோடிங் திரையை போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கஸ்டமர் திருப்பி அனுப்பிய பீஸை டேபிள் டிராயரில் வையுங்கள். நோயாளி வரிசை எவ்வளவு நீளம் என்று காலை ஒன்பது மணிக்கு ஒரு போட்டோ எடுங்கள்.

ஒரே எச்சரிக்கை: அவர் கஸ்டமரோடு நடந்து வரும்போதோ, காதில் போனோடு போகும்போதோ மறிக்காதீர்கள். முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. அதனாலேயே வாயைத் திறக்கப் பயமாக இருக்கிறது.

இந்தக் கேள்வியைக் கேட்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாகிவிடும். பாலிடெக்னிக்கில் முதல் ரேங்க் எடுத்தவன், மெஷின் சத்தத்தை வைத்தே பேரிங் போகப்போகிறது என்று சொல்லக்கூடியவன், மீட்டிங்கில் சுவரோரமாக நின்றுகொண்டிருப்பான். நானும் தமிழ் மீடியம்தான்.

மூன்று விஷயம் எனக்கு உதவியது. ஒன்று, மேலே சொன்ன மாதிரி மெயில் எழுத நீண்ட ஆங்கிலம் தேவையில்லை. "ஐ நீட் யுவர் அப்ரூவல் ஃபார்" என்று தொடங்கி, தொகை, தேதி, காரணம் எழுதினால் போதும். சின்ன வாக்கியத்தில் தப்பு வருவதும் குறைவு. சுற்றி வளைத்து அழகாக எழுதும் ஆங்கிலத்தை விட இதைத்தான் மேலே இருப்பவர்கள் விரும்புகிறார்கள். இரண்டு, மீட்டிங்குக்கு முன் என் முதல் இரண்டு வாக்கியத்தை நோட்டில் எழுதி, பைக் ஸ்டாண்டிலிருந்து உள்ளே நடக்கும்போது சொல்லிப் பார்த்துக்கொள்வேன். தொடக்கம் தடுமாறாமல் வந்துவிட்டால் மீதி தானாக வரும். மூன்று, தமிழ் தெரிந்த அதிகாரியிடம் தமிழிலேயே பேசுங்கள். "சார், தமிழ்ல சொல்லிடறேன், சீக்கிரம் முடியும்" என்றால் முகம் சுளித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. புனேயிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வந்தவரிடம் எண்ணும் போட்டோவும் பாதி வேலையைச் செய்துவிடும். ஜப்பானியருக்கும் ஆங்கிலம் இரண்டாம் மொழிதான், அவரும் மெதுவாகப் பேசுகிறவரைத்தான் தேடுகிறார்.

பிரசன்டேஷனில் எத்தனை ஸ்லைடு வைக்கலாம்?

எண்ணிக்கையை விட, முக்கியமான வரி எங்கே இருக்கிறது என்பதைப் பாருங்கள். இதற்கு நான் எப்போதும் சொல்வது கொலம்பியா விண்கலத்தின் கதை. 2003 ஜனவரி 16 அன்று புறப்பட்ட 82-வது வினாடியில், வெளி எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த ஒரு வெப்பக்காப்பு நுரைத் (ஃபோம்) துண்டு இடது இறக்கையில் மோதியது. விண்கலம் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே போயிங் பொறியாளர்கள் சேதத்தைக் கணித்து நாசா அதிகாரிகளுக்கு ஸ்லைடு போட்டுக் காட்டினார்கள். ஒரு ஸ்லைடின் தலைப்பைப் படித்தால் பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும். கடைசியில், சின்ன எழுத்தில், உண்மை இருந்தது: கணிப்புக்கு அடிப்படையான சோதனையில் பயன்படுத்திய நுரைத் துண்டு 3 கன அங்குலம். நிஜத்தில் மோதியதோ சுமார் 1,920 கன அங்குலம் என்று கணக்கிடப்பட்டிருந்தது. 640 மடங்கு. அதாவது அந்தச் சோதனை இந்த விபத்துக்குப் பொருந்தவே பொருந்தாது.

அந்த வரி மேலே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும்போது விண்கலம் சிதறியது. கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் போனார்கள். ஒரு மூத்த அதிகாரி இந்த ஸ்லைடைப் படித்துவிட்டு, உயிர் போகும் ஆபத்து இது என்று உணராமல் போனால் அதில் ஆச்சரியமில்லை என்று விசாரணைக் குழுவே தன் அறிக்கையில் எழுதியது.

எனவே தலைப்பு இடத்தில் "ரிஜெக்ஷன் அனாலிசிஸ்" என்று போடாதீர்கள். "ரிஜெக்ஷன் இரண்டு மடங்கு ஆகிவிட்டது, காரணம் மூன்றாம் நம்பர் டை (அச்சு)" என்று போடுங்கள். தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படித்தாலே கதை புரிய வேண்டும். ஸ்லைடை முடித்ததும் கடைசி வரியைப் பாருங்கள். பல நேரம் அதுதான் தலைப்பாக இருந்திருக்க வேண்டும்.

பி.ஏ. மேடம் உள்ளேயே விடுவதில்லை.

அவர் வேலையே அதுதான். "அர்ஜென்ட்" என்று மட்டும் சொன்னால் விடமாட்டார், ஏனென்றால் வருகிற எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். "மேடம், ஒரு கையெழுத்து, நாளை மத்தியானத்துக்குள் வேண்டும், மூன்று நிமிஷம் போதும்" என்று சொல்லிப் பாருங்கள். மூன்று நிமிஷம் என்று சொன்னால் மூன்றே நிமிஷத்தில் வெளியே வந்துவிடுங்கள். அடுத்த முறை உங்கள் வார்த்தையை நம்பி அவரே இடைவெளி பார்த்துக் கூப்பிடுவார். சாருக்கு எந்த நாள் போர்டு மீட்டிங், எந்த நேரத்தில் கொஞ்சம் ஓய்வாக இருப்பார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். மரியாதையாகக் கேட்டால் சொல்வார். காரியம் முடிந்ததும் ஒரு நன்றி சொல்லிவிட்டுப் போங்கள்.

எத்தனை தடவை நினைவூட்டலாம்? நச்சரிப்பதாக நினைக்கமாட்டாரா?

"எனி அப்டேட் சார்?" என்பதை மட்டும் திரும்பத் திரும்ப அனுப்பினால் நச்சரிப்புதான். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்று இருக்கட்டும். "கொட்டேஷன் 30-ஆம் தேதியோடு காலாவதி ஆகிறது." "நேற்று இரவு ஷிஃப்டில் மறுபடி 14 பீஸ்." அப்படி எழுதும் நினைவூட்டலுக்கு யாரும் கோபப்பட மாட்டார்கள். பழைய மெயிலின் மேலேயே பதிலாகப் போடுங்கள், அவர் கீழே தேட வேண்டியிருக்காது. மூன்று தடவைக்கு மேல் பதில் இல்லையென்றால் மெயிலை நிறுத்திவிட்டு நேரில் போங்கள். சில நேரம் பதில் வராததற்குக் காரணம், "இல்லை" என்று எழுத அவருக்குச் சங்கடம். "இந்த வருஷம் பட்ஜெட் இல்லை என்றால் சொல்லிவிடுங்கள் சார், ஏப்ரலில் சேர்த்துக்கொள்கிறேன்" என்று நீங்களே வழி விட்டால் உடனே பேசிவிடுவார்.

வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா?

லைன் நின்றுவிட்டது, விபத்து, கஸ்டமர் வாசலில் நிற்கிறார் போன்றவற்றுக்கு மட்டும். அதுவும் எழுத்தில். இரண்டு நிமிஷ வாய்ஸ் நோட்டை மீட்டிங்கில் உட்கார்ந்திருப்பவர் எப்படிக் கேட்பார்? ஒப்புதல், பணம் சம்பந்தப்பட்டவை எல்லாம் மெயிலில்தான்.

மீட்டிங்கில் நான் சொன்னால் யாரும் கேட்பதில்லை. அதையே பத்து நிமிஷம் கழித்து வேறொருவர் சொன்னால் ஆஹா என்கிறார்கள்.

பெண்கள்தான் இதை என்னிடம் அதிகம் சொல்லியிருக்கிறார்கள், அது உண்மை என்று நானும் பார்த்திருக்கிறேன். அன்றைய விஷயத்தை மீட்டிங்குக்கு முன்பே அதை நடத்துபவருக்கு இரண்டு வரியில் அனுப்பிவிடுங்கள். அப்புறம் அது உங்கள் பெயரில்தான் பேசப்படும். மூத்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: "இதைத்தானே கொஞ்சம் முன்னாடி அவங்க சொன்னாங்க, அவங்களே முடிக்கட்டும்" என்று ஒரு வாக்கியம் சொல்லுங்கள். உங்களுக்கு அது ஐந்து வினாடி.

என் மேனேஜரே தடுக்கிறார். அவரைத் தாண்டி மேலே போகலாமா?

சாதாரண விஷயத்துக்குப் போகாதீர்கள். அவரையும் கூட்டிக்கொண்டு போகப் பாருங்கள். "சார், உங்க பேர்லயே மெயிலை டிராஃப்ட் பண்ணித் தரேன், பார்த்து அனுப்பறீங்களா?" என்று கேட்டால் பாதிப் பேர் சம்மதிப்பார்கள். தன் பெயர் விட்டுப்போகும் என்கிற பயம்தான் பலருக்கும்.

ஆனால் பாதுகாப்பு என்று வந்தால் என் பதில் வேறு. மறுபடி கொலம்பியா. மோதிய இடத்தைப் படம் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும் என்று நாசா பொறியாளர் ராட்னி ரோச்சா கேட்டுக்கொண்டே இருந்தார். கோரிக்கை மறுக்கப்பட்டதும், இது தவறு என்று கடுமையாக ஒரு மெயில் எழுதினார். அச்செடுத்துச் சக ஊழியர் ஒருவரிடம் காட்டினார். அனுப்பவில்லை. அதிகார வரிசையைத் தாண்ட விரும்பவில்லை என்று பின்னால் விசாரணையில் சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்த இடத்தில் நம்மில் பலரும் அப்படித்தான் நின்றிருப்போம். பிரஸ் மெஷினின் பாதுகாப்பு சென்சாரை பைபாஸ் செய்து ஓட்டுகிறார்கள், பிரேக் பாகத்தில் விரிசல் தெரிகிறது என்றால் உங்கள் மேனேஜரிடம் சொல்லுங்கள், அன்றே நகராவிட்டால் அவரிடமே சொல்லிவிட்டு மேலே போங்கள். "சார், இதை நான் பிளான்ட் ஹெட்டிடம் சொல்லப் போகிறேன், நீங்களும் வந்தால் நல்லது." முதுகுக்குப் பின்னால் போகவில்லை, யாரும் அப்படிச் சொல்லவும் முடியாது.

ஒப்புதல் கிடைத்துவிட்டது. அப்புறம் ஒன்றும் செய்ய வேண்டாமா?

பலரும் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். அவர் ஒப்புக்கொண்ட பணம் என்ன ஆனது என்று அவருக்கு யாரும் திரும்பி வந்து சொல்வதில்லை. டிரையர் செப்டம்பர் கடைசியில் பொருத்தினோம். நவம்பரில் நல்ல மழை பெய்துகொண்டிருந்த ஒரு நாள், அதே ஏர் கன், அதே மாதிரி வெள்ளைத் துணி, பத்து எண்ணினேன். துணி காய்ந்தே இருந்தது. போட்டோ எடுத்து, அந்த மாத ரீவொர்க் எண்ணிக்கையோடு இரண்டு வரி மெயில் போட்டேன். கால் மணி நேரத்தில் பதில் வந்தது: "குட். இரண்டாவது லைனுக்கும் இது வேண்டுமா?"